எற்பாடும் ஏற்பாடும்

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை என் நண்பர் ஒருவருக்கு அலைபேசியில் ஒரு சொல் அனுப்பினேன். "இன்றைய சொல்: ஏற்பாடு" என்று போய்ச் சேர்ந்தது. பத்து நிமிடத்தில் பதில் வந்தது. "என்ன ஏற்பாடு சார்? வீட்டில் ஏதாவது விசேஷமா? எனக்குச் சொல்லவே இல்லையே!"

நான் அனுப்ப நினைத்தது ஏற்பாடு அல்ல, எற்பாடு. முதல் எழுத்து குறில். தட்டும்போது சரியாகத்தான் தட்டினேன். அலைபேசிக்கு அந்தச் சொல் தெரியாது. தனக்குத் தெரிந்த சொல்லாகத் தானே திருத்திக்கொண்டது. அனுப்பும் முன் ஒருமுறை படித்துப் பார்க்காதது என் பிழை.

அந்த ஓர் எழுத்தால் ஒரு நல்ல நண்பரை மூன்று வாரம் இழந்தேன். பிறகு அதே எழுத்தால், அகராதியைப் புரட்டியும் நான் கவனிக்காத ஒன்றை அவரிடம் கற்றுக்கொண்டேன். அன்பர்களுக்குப் பயன்படும் என்பதால் இரண்டையும் இங்கே எழுதுகிறேன்.

நண்பரைப் பற்றி

நண்பரும் என்னைப் போல ரயில்வேயில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். என்னைவிட நான்கு வயது மூத்தவர். பிறந்து வளர்ந்தது ஹூப்ளி ரயில்வே காலனியில், படித்தது கன்னடத்தில். வீட்டில் பேசுவது தமிழ்தான் என்றாலும், தமிழ் எழுத்தை நாற்பது வயதுக்கு மேல், மும்பைக்கு மாற்றலாகி வந்த பிறகு, பத்திரிகைத் தலைப்புகளை எழுத்துக் கூட்டிப் படித்துத் தாமே கற்றுக்கொண்டவர். நம் சங்கக் கூட்டங்களில் கடைசி வரிசையில்தான் உட்காருவார். "முன்னால் வாங்க அண்ணா" என்றால், "நம்ம தமிழ் பின் வரிசைத் தமிழ் சார்" என்பார்.

எங்களுக்குள் ஓர் ஒப்பந்தம் இருந்தது. ஞாயிறுதோறும் அதிகம் புழங்காத ஒரு தமிழ்ச் சொல்லை நான் அனுப்ப வேண்டும். அவர் அதை வைத்து ஒரு வாக்கியம் அமைத்து அனுப்ப வேண்டும். ஒரு வருடத்துக்கு மேல் இது ஒழுங்காக நடந்தது.

ஏற்பாடு என்ற சொல்லுக்கு அவர் அனுப்பிய பதிலை நான் அன்று மாலை சங்க நூலகத்தில் நாலு பேர் நடுவில் படித்துக் காட்டிச் சிரித்தேன். எற்பாடு என்று ஒரு சொல் இருப்பதே தெரியாமல் விசேஷத்துக்கு அழைப்பு கேட்கிறார் என்று வேறு சொன்னேன். அவர்களும் சிரித்தார்கள். என் அலைபேசி செய்த தவறு அதற்குள் அவர் தவறாக மாறிவிட்டது. யார் மூலமோ இது அவர் காதுக்குப் போயிற்று. மறு ஞாயிறு நான் அனுப்பிய சொல்லுக்குப் பதில் இல்லை. அடுத்த ஞாயிறும் இல்லை. மூன்றாவது வாரம் ஒரு வரி வந்தது: "இனி சொல் அனுப்ப வேண்டாம் சார். இந்த வயதில் பரீட்சை எழுத முடியாது."

அதன் பிறகு நடந்ததைப் பின்னால் சொல்கிறேன். முதலில் சொல்லைப் பார்ப்போம்.

சொல் பிறந்த வகை

எற்பாடு என்பது எல் + பாடு. எல் என்றால் ஒளி. தொல்காப்பியம் சொல்லதிகாரத்திலேயே இதற்குப் பொருள் கூறப்பட்டிருக்கிறது. ஒளி என்ற பொருளிலிருந்து சூரியன், பகல் என்ற பொருள்களும் வந்தன. எல்லோன் என்றால் சூரியன். பழைய நூல்களில் எல்லை என்ற சொல் பகல் என்ற பொருளிலும் வரும்.

பாடு என்பது படு என்ற வினையிலிருந்து வந்த பெயர். படுதல் என்பதற்கு விழுதல், சாய்தல், மறைதல், உண்டாதல் எனப் பல பொருள்கள். கண்பாடு என்றால் தூக்கம். வலையில் விழும் மீன் மீன்பாடு. எல்லினது பாடு, அதாவது சூரியன் சாய்வது, எற்பாடு.

இதில் இரண்டு மாற்றங்கள் நடந்திருக்கின்றன. ஒன்று, எல் என்பதன் கடைசி எழுத்தாகிய ல், அடுத்து வல்லினம் வந்ததால் ற் ஆயிற்று. நெல் + பயிர் நெற்பயிர் ஆவதும், கல் + கண்டு கற்கண்டு ஆவதும் இந்த விதிப்படிதான். இரண்டு, படு என்பதன் முதல் எழுத்து நீண்டு பாடு ஆயிற்று. சுடு என்பது சூடு ஆவதும், கெடு என்பது கேடு ஆவதும், பெறு என்பது பேறு ஆவதும் இப்படியே. இதை முதனிலை திரிந்த தொழிற்பெயர் என்பார்கள்.

ஏற்பாடு என்ற சொல்லைப் பாருங்கள். ஏல் + பாடு. ஏல் என்றால் பொருந்துதல், ஒப்புக்கொள்ளுதல். அங்கும் ல், ற் ஆயிற்று. படு, பாடு ஆயிற்று. ஆக இரண்டும் ஒரே அச்சில் வார்த்தவை. முதல் எழுத்துதான் வேறு. ஒன்று நம் வீட்டுக் கல்யாணத்தில் இன்றும் ஓடியாடி வேலை செய்கிறது. மற்றது பாடப் புத்தகத்தோடு நின்றுவிட்டது.

ஓலையில் இரண்டும் ஒன்று

எகரத்தையும் ஏகாரத்தையும் மாற்றிப் படிப்பது அலைபேசி காலத்துப் பிழை என்று நினைக்க வேண்டாம். பழைய முறையில் எ, ஒ என்ற குறில்களுக்கு மேலே புள்ளி வைக்க வேண்டும். புள்ளி இல்லாவிட்டால் நெடில். இது தொல்காப்பியர் கூறும் விதி. ஆனால் ஓலையில் எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை கிழியக்கூடும். அதனால் எழுதியவர்கள் பெரும்பாலும் புள்ளியை விட்டுவிட்டார்கள். எற்பாடு என்று எழுதினாலும் ஏற்பாடு என்று எழுதினாலும் ஓலையில் ஒரே தோற்றம்தான். படிப்பவர் இடம் பார்த்துத்தான் பொருள் கொள்ள வேண்டும்.

இந்தக் குழப்பத்தைத் தீர்த்தவர் இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவர் (1680–1747). நெடில் ஏகாரத்துக்குக் கீழே ஒரு கோடும், உயிர்மெய்யில் நெடிலுக்கு மேலே சுழித்த இரட்டைக் கொம்பும் அவர் செய்த சீர்திருத்தம். அவருக்கு முன்பு ஓலையில் இச்சொல்லைப் பார்த்திருந்தால் நானும் நண்பரைப் போலவே "என்ன ஏற்பாடு?" என்று கேட்டிருப்பேன். இதை அன்று நூலகத்தில் நினைத்துப் பார்த்திருக்க வேண்டும்.

எற்பாடு எத்தனை மணிக்கு?

ஒரு நாளைத் தமிழ் இலக்கணம் ஆறு சிறுபொழுதுகளாகப் பிரிக்கிறது. காலை, நண்பகல், எற்பாடு, மாலை, யாமம், வைகறை. ஒரு நாளுக்கு 60 நாழிகை. ஒரு நாழிகை 24 நிமிடம். ஆகவே ஒரு சிறுபொழுதுக்கு 10 நாழிகை, அதாவது 4 மணி நேரம். பாடப் புத்தகக் கணக்கின்படி நண்பகல் 10 மணி முதல் 2 மணி வரை. எற்பாடு பிற்பகல் 2 மணி முதல் 6 மணி வரை.

ரயில்வேக்காரன் மணியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போக முடியாது. கடிகார மணி வேறு, சூரிய மணி வேறு. இந்திய நேரம் கிழக்குத் தீர்க்கரேகை 82½ பாகையை வைத்துக் கணக்கிடப்படுகிறது. ஒரு பாகைக்கு 4 நிமிட வித்தியாசம். மும்பை ஏறக்குறைய 73 பாகையில் இருப்பதால் இங்கே சூரியன் சுமார் 39 நிமிடம் பின்தங்கியே உச்சிக்கு வரும். முற்காலத்தில் இந்த ஊர் தன் சொந்த நேரத்தையே வைத்துக்கொண்டிருந்தது. இந்திய நேரம் 1906-இல் நடைமுறைக்கு வந்த பிறகும் 'பம்பாய் நேரம்' 1955 வரை நகரத்தில் நீடித்தது. அதற்கும் முன்பு நாட்டின் ரயில்கள் சென்னை வானாய்வு நிலையத்தின் நேரப்படி, 'மதராஸ் நேரம்' என்ற பெயரில் ஓடிக்கொண்டிருந்தன.

ஆகவே நம் ஊரில் எற்பாடு சராசரியாக 2 மணி 39 நிமிடத்துக்குத் தொடங்கி 6 மணி 39 நிமிடத்துக்கு முடிகிறது என்று கணக்குச் சொல்லலாம். டிசம்பரில் சூரியன் 6 மணி அளவிலேயே மறைந்துவிடும். ஜூனில் 7¼ மணி ஆகும். எற்பாடு என்ற சொல் சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை, வானத்தைப் பார்க்கிறது.

இன்னொன்றும் கவனிக்கத் தக்கது. எற்பாடு நெய்தல் நிலத்துக்கு, அதாவது கடற்கரைக்கு உரிய பொழுது. சென்னையிலோ நாகப்பட்டினத்திலோ கடற்கரையில் நின்றால் சூரியன் கடலில் உதிப்பதைப் பார்க்கலாம். கடலில் மறைவதைப் பார்க்க முடியாது. பாடு என்பதற்குத் தோன்றுதல் என்றும் பொருள் கொள்ள இடம் இருப்பதால், எற்பாடு என்பது சூரியன் உதிக்கும் நேரம் என்று சொன்னவர்களும் உண்டு. ஆனால் பழந்தமிழ் நாட்டுக்கு இரண்டு கரைகள் இருந்தன. முசிறியும் தொண்டியும் சேரநாட்டு மேற்குக் கரைத் துறைமுகங்கள். அங்கே நின்றவனுக்குச் சூரியன் நேராகக் கடலில்தான் விழும். தாதர் கடற்கரையில் மாலை நடை போகும் நம் அன்பர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

நண்பர் தந்த பாடம்

"இனி சொல் அனுப்ப வேண்டாம்" என்ற செய்தி வந்த அன்றே நண்பர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி கதவைத் திறந்து, "உள்ளே இருக்கார், வாங்க" என்றார். நண்பர் பேப்பரை மடிக்காமலே, "உட்காருங்க" என்றார். நான் சுற்றி வளைக்கவில்லை. "அண்ணா, தப்பு என்னுடையது. அனுப்பினதும் தப்பு, படித்துக் காட்டினது அதைவிடப் பெரிய தப்பு" என்றேன்.

அவர் சிறிது நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "சரி, அது என்ன சொல்? அதையாவது ஒழுங்காகச் சொல்லுங்க" என்றார்.

எல் என்றால் சூரியன், படு என்றால் விழுவது என்று மேலே எழுதியதை எல்லாம் சொல்லிக்கொண்டு வந்தேன். படு என்றதும் அவர் நிமிர்ந்தார்.

"படுன்னா மேற்கு ஆச்சே சார்?"

"மேற்கா?"

"கன்னடத்தில் படுவண என்றால் மேற்கு. மூடண என்றால் கிழக்கு. மங்களூர்ப் பக்கம் படுபித்ரி இருக்கு, மூடபித்ரி இருக்கு. ஒண்ணு மேற்குப் பித்ரி, ஒண்ணு கிழக்குப் பித்ரி. பொழுது படுகிற பக்கம் படுவண. இதுக்கு எதுக்கு அகராதி?"

எனக்குப் பேச்சு வரவில்லை. கொங்கண் ரயில் பாதையில் படுபித்ரி ஒரு நிலையம். அந்தப் பெயர்ப் பலகையை எத்தனையோ முறை ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறேன். ஒரு நாளும் எற்பாட்டின் பாடும் படுபித்ரியின் படுவும் ஒன்று என்று தோன்றியதில்லை.

அன்றே வீட்டுக்கு வந்து பரோ, எமனோ இருவரும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பு அகராதியைப் பார்த்தேன் (முதற்பதிப்பு 1961, இரண்டாம் பதிப்பு 1984). நண்பர் சொன்னது முற்றிலும் சரி. இந்தச் சொற்கள் எல்லாம் படு என்ற ஒரே வேரின் கீழ் அடுக்கப்பட்டிருக்கின்றன. அவற்றை அக்காள் தங்கைகள் போல வரிசைப்படுத்தலாம்.

கன்னடத்தில் மேற்கு படுவண. தெலுங்கில் படமர. மலையாளத்தில் படிஞ்ஞாறு, இது படு + ஞாயிறு, சூரியன் மறையும் பக்கம். இலங்கையில் மட்டக்களப்பு வாவியின் மேற்குப் பக்கத்தை அங்குள்ள தமிழர் படுவான்கரை என்றும், கிழக்குப் பக்கத்தை எழுவான்கரை என்றும் இன்றும் வழங்குகிறார்கள். நாம் மட்டும் மேற்கு, கிழக்கு என்கிறோம். அவை மேல், கீழ் என்பதிலிருந்து வந்தவை. தமிழ்நாட்டு நிலம் மேற்கே மலையில் உயர்ந்து கிழக்கே கடலை நோக்கிச் சரிகிறது. லெவல் பார்க்கும் கருவி வைத்தாலும் அதுதான் தெரியும். மலையாள நாட்டில் சரிவு நேர் எதிர். மலை இருப்பது கிழக்கே. இருந்தும் அவர்கள் கிழக்கு என்றே சொல்கிறார்கள். மேற்குக்கு மட்டும் நிலத்தை விட்டு வானத்தைப் பார்த்துப் பெயர் வைத்துக்கொண்டார்கள்.

நாம் வாழும் மராட்டிய நாட்டிலும் இதே எண்ணம் உண்டு. சூரியன் மறைவதை 'மாவள்ணே' என்பார்கள். மறையும் திசை 'மாவள்தீ'. வேர் வேறு, பார்வை ஒன்று.

மறுநாள் இதை எல்லாம் நண்பரிடம் தொலைபேசியில் சொன்னேன். அவர், "அப்போ நான் சின்ன வயசிலிருந்து பேசினது பின் வரிசைத் தமிழ் இல்லையா சார்?" என்று கேட்டார். வேடிக்கையாகக் கேட்கவில்லை. வெளிமாநிலத்தில் பிறந்து வளர்ந்த நம்மவர் பலருக்கு உள்ளுக்குள் இருக்கும் கேள்வி அது. தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர் முன்னால் வாய் திறக்கக் கூச்சப்படுகிறார்கள். அக்கம்பக்கத்து மொழி கலந்துவிட்டது என்று வெட்கப்படுகிறார்கள். அப்படி வெட்கப்பட்ட அந்தச் சொல்லே எனக்கு ஒரு பழந்தமிழ்ச் சொல்லின் உறவைக் காட்டிக் கொடுத்தது.

சொல்லைப் பகிர்வது எப்படி?

இந்த அனுபவத்திலிருந்து நான் கற்றுக்கொண்டவை சில. பிள்ளைகளுக்கோ நண்பர்களுக்கோ சொல் சொல்லித் தரும் அன்பர்களுக்கு உதவலாம்.

1. சொல்லைத் தனியாக அனுப்பக் கூடாது. பொருளையும், பிரித்து எழுதும் முறையையும், ஒரு வாக்கியத்தையும் சேர்த்தே கொடுக்க வேண்டும். "எற்பாட்டில் கடற்கரைக்குப் போனோம், திரும்பும்போது மாலை விளக்கு ஏற்றிவிட்டார்கள்" என்று ஒரு வரி எழுதியிருந்தால் குழப்பமே வந்திருக்காது.

2. அனுப்பும் முன் ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும். ஐயம் இருந்தால் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியைப் பார்க்கலாம். அது நம் சங்க நூலகத்திலேயே இருக்கிறது.

3. பதில் தவறாக வந்தால் அதை நாலு பேரிடம் காட்டக் கூடாது. தெரியாத சொல்லைத் தெரியாது என்று சொல்வதற்கே ஒருவருக்குத் துணிவு வேண்டும். அந்தத் துணிவைக் கெடுத்தால் அவர் அந்தச் சொல்லை மட்டும் அல்ல, கற்பதையே விட்டுவிடுவார்.

4. கொடுத்த பிறகு கேட்க வேண்டும். "உங்களுக்குத் தெரிந்த மொழியில் இதற்கு என்ன சொல்வார்கள்?" என்ற கேள்வியை நான் ஒரு வருடமாகக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஐம்பது சொற்களுக்காவது அக்காள் தங்கைகள் கிடைத்திருக்கும்.

இப்போது எங்கள் ஒப்பந்தத்தை மாற்றிவிட்டோம். ஒரு ஞாயிறு நான் சொல் அனுப்புகிறேன்; மறு ஞாயிறு அவர் அனுப்புகிறார். பரீட்சை எழுதுவது பெரும்பாலும் நான்தான். சங்கக் கூட்டத்தில் அவர் இன்னும் கடைசி வரிசையில்தான் உட்காருகிறார். நானும் இப்போது அங்கேயே உட்கார்ந்துகொள்கிறேன்.

பயிற்சி

அ) பிரித்து எழுதுக: நெற்களம், பற்பசை, சொற்பொழிவு, கற்சிலை.

ஆ) முதல் எழுத்து நீண்டு பெயராகும் சொல்லை எழுதுக: விடு, சுடு, கெடு, பெறு.

இ) அடுத்த வீட்டாரிடம் அவர்கள் மொழியில் கிழக்கு, மேற்கு இரண்டுக்கும் பேச்சு வழக்கில் என்ன சொல்வார்கள் என்று கேட்டு எழுதுக.

விடை: அ) நெல் + களம், பல் + பசை, சொல் + பொழிவு, கல் + சிலை. ஆ) வீடு, சூடு, கேடு, பேறு. இ) இதற்கு விடை என்னிடம் இல்லை, உங்கள் அடுத்த வீட்டில் இருக்கிறது. கிடைத்ததைச் சங்க நூலகத்தில் கொடுத்தால் தொகுத்து வைக்கலாம். கன்னடச் சொற்களைச் சரிபார்க்க நண்பர் ஒப்புக்கொண்டிருக்கிறார்.